ஏழு பதிவும் ஒரே வரியும்

அத்தியாயம் ஆறு

"ரெண்டுன்னுதான் சார் அழுத்தினேன். ஒரே ஒரு தடவை. மெஷின்ல மணி அடிக்கவே இல்ல."

இருபத்தாறு நாளாக அந்த நர்ஸ் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாள். மருத்துவமனை விசாரணைக் குழுவிடம் சொன்னாள். இன்று காலை சிறையின் பார்வையாளர் அறையில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று நிதானத்திடமும் சொன்னாள். அழுது தீர்த்த குரல். அதில் ஈரமே இல்லை.

நிதானம் என்பது அந்தத் தனியார் துப்பறிவாளருக்கு அவருடைய எதிரிகள் வைத்த பெயர். அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது. எதையும் இரண்டு முறை கேட்பார். பதில் வரும்வரை கண் சிமிட்ட மாட்டார். உதவியாளர் பட்டாசு அதற்கு நேர்மாறு. மென்பொருள் கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷம் புரோகிராம் எழுதியவள்; மேலதிகாரியைக் கிண்டலடித்து எழுதிய மெயிலை மேலதிகாரிக்கே தவறுதலாக அனுப்பி வேலையை விட்டவள்.

வழக்கு இதுதான். கால் எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பெண். வயது முப்பத்தொன்று. வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் பம்பு மெஷினை அவளுக்கு மாட்டியிருந்தார்கள். மணிக்கு இரண்டு மில்லி போக வேண்டிய மருந்து இருபத்திரண்டு மில்லியாகப் போயிற்று. மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த ஆயாதான் அவள் மூச்சு நின்றிருந்ததை முதலில் பார்த்தாள்.

மெஷின் கம்பெனி கோர்ட்டில் ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. மெஷினுக்குள் இருக்கும் புரோகிராமில் உச்ச வரம்பு உண்டு. நான்குக்கு மேல் எண் போட்டால் மருந்து நிற்கும், மணி அடிக்கும். மணியை அடக்கிவிட்டு வலுக்கட்டாயமாக ஓட்டினால்தான் இருபத்திரண்டு போகும் என்றது அறிக்கை. அதைப் படித்த போலீஸ், கவனக்குறைவு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதிக்கொண்டது.

சிறை வாசலில் நர்ஸின் கணவர் காத்திருந்தார். பஸ் டிரைவர். காக்கி சீருடையிலேயே வந்திருந்தார்.

"நாலு மணிக்கு ஜாமீன் மனு சார். ஏதாவது கிடைக்குமா?"

"கிடைச்சாதான் கிடைச்சதுன்னு சொல்லுவேன்," என்றார் நிதானம்.

"இவர் ஆறுதல் சொல்ற அழகு இதுதான், அண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள் பட்டாசு.

மருத்துவமனையின் அடித்தளத்தில், உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் காலி ஆக்ஸிஜன் சிலிண்டர்களுக்கும் நடுவே, கருவிகளைப் பராமரிக்கும் மெக்கானிக் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மெஷினை போலீஸ் சீல் வெச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். என்கிட்ட என்ன இருக்கு?"

"மெஷின் வந்த அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

"பிரிச்சேன். ஓட்டிப் பார்த்தேன். ஸ்கிரீன்ல வந்த பதிப்பு எண்ணை நோட்டுல எழுதி வெச்சேன்."

"எழுதச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லல. என் பழக்கதோஷம்."

"உங்க தோஷம் நீடூழி வாழணும்," என்றபடி பட்டாசு நோட்டை இழுத்துப் புரட்டினாள். போன மாதம் ஐந்தாம் தேதி. மெக்கானிக்கின் உருண்டைக் கையெழுத்தில் ஏழு எழுத்து: 9C41E7B.

நிதானம் கம்பெனி அறிக்கையை அதன் பக்கத்தில் வைத்தார். பதிப்பு எண் D20FA83.

"நடுவுல யாராவது வந்து மெஷின்ல புது புரோகிராம் ஏத்தினாங்களா?"

"ஈ காக்கா வரல சார்."

படியேறும்போதே பட்டாசு ஆரம்பித்துவிட்டாள். "சார், புரோகிராம் எழுதுறவங்க ஒவ்வொரு மாத்தத்தையும் தனித்தனியா பதிஞ்சு வெப்பாங்க. அதுக்குப் பேர் கமிட். யார், என்னிக்கு, எதுக்கு மாத்தினாங்கன்னு கூடவே ஒரு குறிப்பு இருக்கும். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு எண் விழும். மெஷின் ஸ்கிரீன்ல பதிப்பு எண்ணா வர்றது அதுதான். உள்ள ஒரு புள்ளி மாறினாக்கூட எண் வேற ஆயிடும்."

"கைரேகை மாதிரி."

"அதேதான். கம்பெனி அவங்க கமிட் வரலாறு முழுக்க அச்செடுத்துக் கோர்ட்டுல கொடுத்திருக்கு. நேத்து பூரா அதைத்தான் படிச்சேன். அதுல ஒன்பது சி-ன்னு ஆரம்பிக்கிற கமிட்டே கிடையாது. பிறக்காத பிள்ளை எப்படி சார் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துச்சு?"

நிதானம் நின்றார். மற்றவர்கள் ஓடும் இடத்தில் அவர் நிற்பார். "கம்பெனிக்குப் போகலாம்."

கம்பெனியின் குழுத்தலைவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நோட்டின் படத்தைச் செல்போனில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மெக்கானிக் தப்பா எழுதியிருப்பார்."

"ஏழு எழுத்தையுமா?" என்றார் நிதானம்.

சிரிப்பு அப்படியே நின்றது, போகவும் இல்லை.

"போன மாச ஆரம்பத்துல ஒரே ஒரு கமிட்தான் இருக்கு. ஒண்ணாம் தேதி. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. ஒரு கம்பெனியே சும்மா உட்கார்ந்திருந்ததா?"

"அது ஸ்குவாஷ் பண்ணினது சார்."

"குடிக்கிறதா?"

குழுத்தலைவருக்கு, இவர் நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. "இல்ல சார். சின்னச் சின்ன கமிட்டா இருந்தா படிக்கிறவங்களுக்குக் குழப்பம். அதனால பலதைச் சேர்த்து ஒண்ணா அழுத்திடுவோம். உலகம் பூரா செய்யறதுதான்."

"உண்மைதான் சார்," என்றாள் பட்டாசு. "நானே செஞ்சிருக்கேன். ஒரு வாரத்து முட்டாள்தனம் ஒரே வரியில அடங்கிடும். ரொம்ப மரியாதையா இருக்கும்."

"யார் எழுதினது? யார் அழுத்தினது?" நிதானம் கேட்டார்.

"எழுதினது ஒரு பொண்ணு. பிரசவ லீவுல இருக்கா. யார் அழுத்தினாங்கன்னு நினைவில்ல. அவளைப் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க, பச்ச உடம்புக்காரி."

நிதானம் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டார். அதே பதில்தான் வந்தது. குழுத்தலைவரின் கை மட்டும் மேஜையில் இருந்த செல்போனைத் தேடியது. அவர்கள் வெளியே வந்து கண்ணாடிக் கதவு மூடுவதற்குள் அந்த செல்போன் அவர் காதில் இருந்தது.

லிப்டில் நிதானம் கேட்டார். "ஒண்ணா அழுத்தினா, தப்பை மறைக்க முடியுமா? கடைசியில புரோகிராம் அதே புரோகிராம்தானே?"

"அங்கதான் சார் இருக்கு சூட்சுமம். நீங்க காலையில சட்டையைக் கழட்டறீங்க. மேலுக்குச் சட்டையில்லாம தெருவுல ஒரு ரவுண்டு போறீங்க. சாயங்காலம் திரும்ப மாட்டிக்கறீங்க. கழட்டினது ஒரு கமிட், மாட்டினது ஒரு கமிட். ரெண்டையும் சேர்த்து அழுத்தினா?"

"நான் சட்டையைக் கழட்டவே இல்ல."

"கண்ணியமான மனுஷர் ஆயிடுவீங்க."

நிதானம் சிரிக்கவில்லை. "வரம்பை யாரோ எடுத்திருக்காங்க. அப்புறம் திரும்ப வெச்சிருக்காங்க. நடுவுல, வரம்பில்லாத நேரத்துல, மெஷின் கிளம்பிப் போயிடுச்சு."

"அப்படித்தான் இருக்கணும். ஆனா கோர்ட்டுல சட்டைக் கதை எடுபடாது. அழுத்தறதுக்கு முன்னாடி இருந்த தனித்தனி கமிட் வேணும். தலைவர் அழுத்தியிருந்தா அவர் லேப்டாப்பை நமக்குத் தர மாட்டார். ஆனா எழுதினவ லேப்டாப்லயும் அவ எழுதினது இருக்கும். ரொம்ப நாள் இருக்காது. அழுத்தி ஒரு மாசம் தாண்டினா, வேண்டாததுன்னு லேப்டாப் அதுவே பெருக்கித் தள்ளிடும்."

நோயாளி இறந்து இன்று இருபத்தாறாவது நாள்.

நான்காவது மாடி. லிப்ட் இல்லை. கதவைத் திறந்தவள் கையில் ஒரு மாதக் குழந்தை. கண்ணுக்குக் கீழே கருவளையம். வீட்டில் வேறு யாருமில்லை; கணவன் கப்பல் வேலை, கரை சேர இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். நாற்காலி முழுக்கத் துவைத்த குழந்தைத் துணி குவிந்திருந்தது.

"இப்பத்தான் எங்க தலைவர் போன் பண்ணினார். யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னார்."

"அப்போ பேச வேண்டாம். கேளுங்க," என்றார் நிதானம். நர்ஸைப் பற்றிச் சொன்னார். கம்பிவலையைப் பற்றி, நாலு மணியைப் பற்றி. குரலை உயர்த்தவில்லை. அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த கமிட்டையெல்லாம் அழுத்தினது யாரும்மா?" என்றார் நிதானம்.

"தெரியாது சார். நான் லீவுல வந்துட்டேன்."

"உங்க லேப்டாப்பைப் பார்க்கலாமா?"

அவள் குழந்தையை பட்டாசின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"சார், இது என்னையே பார்க்குது," பட்டாசு பதறினாள். "கழுத்து நிக்கல. எங்க பிடிக்கணும்?"

"வாயை மூடிக்கிட்டுப் பிடி. தூங்கிடும்."

லேப்டாப் அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே இருந்தது. சார்ஜ் சுத்தமாக இல்லை. சுவரில் செருகி உயிர் வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. பட்டாசு அதைத் தோளில் சாய்த்தபடியே ஒற்றைக் கையால் தட்டினாள். லேப்டாப் தனக்குள் நடந்த ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும் நாட்குறிப்பு திரையில் விரிந்தது.

"ஏழும் இருக்கு சார்." பட்டாசு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். "ஒண்ணாம் தேதி, திரை எழுத்து பெரிதாக்கப்பட்டது. ரெண்டாம் தேதி, பேட்டரி எச்சரிக்கை. மூணாம் தேதி... இதைக் கேளுங்க. டெமோவில் மணி அடித்துத் தொல்லை தருவதால், தலைவர் சொன்னபடி உச்ச வரம்பு தற்காலிகமாக நீக்கம். நாலாம் தேதி, நிறம் மாற்றம். எண் ஒன்பது சி நாற்பத்தொண்ணு இ ஏழு பி."

"நம்ம மெஷின்."

"நம்ம மெஷின். மறுநாள் மெக்கானிக் நோட்டுல ஏறுது." அவள் திரையைக் கீழே நகர்த்தினாள். அப்புறம் மேலே நகர்த்தினாள். விரல் நின்றது.

"என்ன?"

"ஏழுக்கும் மேல ஒரு வரி இருக்கு. அழுத்தின வரி. அது வேற லேப்டாப்ல நடந்திருந்தா இந்த நாட்குறிப்புல வராது." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே தாயைப் பார்த்தாள். "கோர்ட்டுல கொடுத்த காகிதத்துல முதல் கமிட் எழுதின தேதி மட்டும்தான் தெரியுது. அழுத்தின தேதி இங்க இருக்கு. பத்தொன்பதாம் தேதி, மதியம் மூணு பத்து."

பதினெட்டாம் தேதி நோயாளி இறந்தாள். பத்தொன்பது, அதற்கு மறுநாள்.

அந்தப் பெண் துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவ பிறந்து அஞ்சாம் நாள். தலைவர் போன் பண்ணினார். ஒரு நர்ஸ் தப்பு பண்ணிட்டா, அதுல நம்ம பேர் எதுக்கு வரணும், சாயங்காலத்துக்குள்ள எல்லா கமிட்டையும் ஒண்ணாக்கிடு, குறிப்பையெல்லாம் எடுத்துடுன்னார். லீவு முடிஞ்சு வர்றப்ப வேலை இருக்கணுமா வேணாமான்னு கேட்டார்." துணியின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "சட்டுனு முடிஞ்சுடுச்சு சார். கமிட்டை அழுத்தறப்பவே அது நர்ஸ் தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். அந்த மெஷின்ல ரெண்டாம் நம்பர் பட்டன் சில சமயம் ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை விழும். எல்லா நம்பரும் அப்படித்தான். அதுக்காகத்தான் வரம்பே வெச்சோம்."

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வரும் ஒலி கேட்டு அடங்கியது.

"ஏழாவது என்ன? அதைப் படிக்கலயே," என்றார் நிதானம்.

பட்டாசு குனிந்தாள். "ஒன்பதாம் தேதி. உச்ச வரம்பு திரும்பச் சேர்க்கப்பட்டது. டெமோ பதிப்போடு போன நாலு மெஷினையும் உடனே நிறுத்தவும்."

"தேதியை இன்னொரு தடவை சொல்லு."

"ஒன்பது. சாவுக்கு ஒன்பது நாள் முன்னாடி. தெரிஞ்சே விட்டிருக்காங்க சார்."

"அதுக்கடுத்து வந்ததைச் சொல்லு. எத்தனை மெஷின்?"

"நா..." பட்டாசு அந்த வரியை மறுபடி பார்த்தாள். "நாலு."

நிதானம் எழுந்துவிட்டார். "மீதி மூணும் எங்கம்மா இருக்கு?"

"நிறுத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன் சார். தலைவர் பார்த்துக்கறேன்னு சொன்னார். மறுநாளே நான் லீவு." அவள் விரலை மடக்கி எண்ணினாள். "குழந்தைகள் ஆஸ்பத்திரியில ஒண்ணு. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரி. பைபாஸ்ல இருக்கிற கேன்சர் சென்டர்."

மணி இரண்டு ஐம்பது. மூன்று இடத்துக்கும் போன் போட்டார்கள். ஓரிடத்தில் யாரும் எடுக்கவில்லை. மற்ற இரண்டிலும் ஒரே பதில்: கம்பெனி கடிதம் இல்லாமல் மெஷினை நிறுத்த முடியாது. நேரில் போனால்தான் உண்டு. நேரில் போனால் நாலு மணிக்குக் கோர்ட் இல்லை.

நிதானம் பஸ் டிரைவரை போனில் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"மூணு மெஷின்லயும் இப்போ ஆள் இருக்கா சார்?"

"தெரியல."

"முதல்ல அங்க போங்க. என் பொண்டாட்டியைக் கேட்டா அவளும் அதைத்தான் சொல்லுவா."

அந்தப் பெண் லேப்டாப்பை மூடி, சார்ஜர் வயரைச் சுற்றிப் பையில் போட்டாள். குழந்தையை பட்டாசிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "கோர்ட்டுக்கு நான் எடுத்துட்டுப் போறேன். நர்ஸோட வீட்டுக்காரரை வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"உங்களையும் வழக்குல சேர்ப்பாங்கம்மா," என்றார் நிதானம். "தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"வேற யார் கையில கொடுத்தாலும் வழியில மனசு மாறி போன் பண்ணித் திரும்பக் கேட்டுடுவேன் சார்."

குழந்தைகள் மருத்துவமனையில் மெஷின் ஒரு சிறுமியின் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தது. மாலை நாலரைக்கு மாட்டுவதாக இருந்தார்கள். திரையில் 9C41E7B. தலைமை மருத்துவர் நோட்டின் படத்தையும் கமிட் குறிப்பின் படத்தையும் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார்.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முதியவருக்கு மணிக்கு மூன்று மில்லி. சரியாகத்தான் போயிற்று. மருந்துக் குழாயைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் விட்டுவிட்டு, பட்டாசு மூன்று என்ற பட்டனை ஒரு முறை அழுத்தினாள். மூன்று. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மூன்று. ஐந்தாம் முறை திரையில் முப்பத்து மூன்று விழுந்தது. மோட்டார் வேகமெடுத்தது. மருந்து கிண்ணத்தில் ஓடியது. மணி அடிக்கவில்லை. வார்டு சிஸ்டர் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டாசு, கட்டிலில் தூங்கும் முதியவரைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

பைபாஸில் போகும்போது பஸ் டிரைவர் போனில் கூப்பிட்டார்.

"ஜாமீன் கிடைச்சுடுச்சு சார். அந்தப் பொண்ணு குழந்தையை என் கையில கொடுத்துட்டுக் கூண்டுல ஏறி எல்லாத்தையும் சொல்லிடுச்சு. அந்தத் தலைவரைத் தூக்க ஆள் போயிருக்கு. இந்தப் பொண்ணையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க." கொஞ்சம் தயங்கினார். "நானும் கூடத்தான் போறேன். கைக்குழந்தையோட தனியா எப்படி சார் விடறது? என் பொண்டாட்டி காலையிலதான் வெளிய வருவா. அதுவரைக்கும் எனக்கும் என்ன வேலை."

கேன்சர் சென்டரில் மூன்றாவது மெஷின் வார்டில் இல்லை. துடைத்து, உறை போட்டுக் கிடங்கில் வைத்திருந்தார்கள்.

"அந்த பெட் பேஷன்ட் நாலு நாள் முன்னாடி இறந்துட்டார் சார்," என்றார் அலுவலர். "ரிடையர் ஆன டிராயிங் மாஸ்டர். எப்படியும் ரொம்ப நாள் தாங்க மாட்டார்னுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனா அன்னிக்கு மருந்து அளவு ஏறிடுச்சு. மெஷின் மணி அடிச்சிருக்கும், ட்யூட்டி நர்ஸ் கவனிக்கலன்னு கம்பெனி எழுதிக் கொடுத்தாங்க. சஸ்பெண்ட் பண்ணியிருக்கோம். இன்னிக்கு விசாரணை."

"எங்க இருக்காங்க?"

வராந்தாவின் கோடியில், விசாரணை அறைக்கு வெளியே, சாதாரணப் புடவையில் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். மடியில் ஒரு காகிதம். ராஜினாமா கடிதம். கையெழுத்து மட்டும் பாக்கி.

நிதானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டாசு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் மெல்ல, ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டன், வரம்பு, ஏழு கமிட், நாலு மெஷின். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ மணி அடிக்கவே இல்லையா?"

"அடிக்கல சிஸ்டர். அந்த மெஷினால அடிச்சிருக்கவே முடியாது."

அவள் காகிதத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அடிச்சிருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. நாலு நாளா யோசிச்சுப் பார்த்தேன் சார். கண் அசந்துட்டேனோ, காதுல விழாம போயிடுச்சோன்னு. நேத்திலேர்ந்து எனக்கு அந்த மணிச் சத்தம் நிஜமாவே கேட்க ஆரம்பிச்சுடுச்சு. அடிச்சது, நான்தான் எழுந்து போகலன்னு... அந்த மாஸ்டரோட பொண்ணுகிட்ட இன்னிக்குக் காலையில போய் ஒத்துக்கிட்டு வந்துட்டேன்."

விசாரணை அறையின் கதவு திறந்தது. உள்ளே வரச் சொன்னார்கள். பட்டாசு அவளுடைய ஒரு கையைப் பிடித்தாள். நிதானம் இன்னொரு கையைப் பிடித்தார். மூவருமாக உள்ளே போனார்கள்.